வீட்டில் ‘மீடியா வேண்டாம்’ என்கிறார்கள்: எந்த வேலை பாதுகாப்பு?

கேள்வி: விஸ்காம் கடைசி வருடம் படிக்கிறேன். நானும் மூன்று தோழிகளும் தினமும் பேசுவது இதைப் பற்றித்தான். ஒருத்திக்கு நியூஸ் சேனல், ஒருத்திக்கு எடிட்டிங், ஒருத்திக்கு டப்பிங், எனக்கு உதவி இயக்குநர் வேலை மேல் ஆசை. மலையாள சினிமாவில் பெண்களின் நிலை பற்றிய ஹேமா கமிட்டி அறிக்கை வந்ததிலிருந்து அப்பா ‘மீடியாவே வேண்டாம், பேங்க் பரீட்சை எழுது’ என்கிறார். இதில் எந்த வேலை பெண்களுக்குப் பாதுகாப்பானது? இன்னொன்று: பெண்களைத் துரத்துவதைக் காதல் என்று காட்டும் படங்களை நாங்கள் கடுமையாகத் திட்டுகிறோம். அப்படித் திட்டிக்கொண்டே அதே துறையில் வேலை பார்க்க முடியுமா?

பதில்:

நான் உதவி இயக்குநராக ஆரம்பித்து, பிறகு ஒரு சேனலில் நிகழ்ச்சித் தயாரிப்புக்குப் போய், இப்போது வெப் சீரிஸ்களுக்குத் திரைக்கதை எழுதும் குழுக்களில் வேலை செய்கிறேன். நீங்கள் சொன்ன நான்கு வேலையில் ‘இது பத்திரம், அது ஆபத்து’ என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆபத்து வேலையின் பெயரில் இல்லை. அந்த வேலை எவ்வளவு தூரம் எழுத்தில் இருக்கிறது என்பதில் இருக்கிறது. சம்பளம் எவ்வளவு, யார் தருகிறார்கள், எத்தனை மணி வரை வேலை, இரவில் யார் வீட்டில் விடுவார்கள், பிரச்சினை வந்தால் யாரிடம் சொல்வது: இவற்றுக்குப் பதில் வாய்வார்த்தையாக மட்டும் இருந்தால், எந்த வேலையும் பெண்ணுக்குச் சிக்கல்தான்.

உங்கள் அப்பா அந்த அறிக்கையைத் தலைப்புச் செய்திகளில் மட்டும் பார்த்திருப்பார். அவரை நான் குறை சொல்லவில்லை, டிவியில் காட்டியதே அவ்வளவுதான். 2017 பிப்ரவரியில் கேரளத்தில் ஒரு நடிகை ஓடும் காரில் தாக்கப்பட்டார். அதன் பிறகு பெண் கலைஞர்கள் சேர்ந்து ‘விமன் இன் சினிமா கலெக்டிவ்’ என்ற அமைப்பைத் தொடங்கி அரசிடம் போய் நின்றார்கள். நீதிபதி கே. ஹேமா தலைமையில் குழு அமைந்தது. நடிகை சாரதாவும் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி கே.பி. வல்சலகுமாரியும் உறுப்பினர்கள். 2019 டிசம்பர் கடைசியில் அறிக்கை அரசின் கைக்குப் போனது. மக்கள் கைக்கு வந்தது 2024 ஆகஸ்ட் 19 அன்று, அதுவும் பல பகுதிகள் நீக்கப்பட்டு. நடுவில் கிட்டத்தட்ட ஐந்து வருடம். எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் அந்த ஐந்து வருடத்தின் மேல்தான்.

சினிமாவில் பெண்கள் சந்திக்கும் பிரச்சினைகளை அந்த அறிக்கை பதினேழு வகையாகப் பட்டியல் போடுகிறது. பாலியல் வற்புறுத்தல் அதில் முதலில் வருகிறது, வரத்தான் வேண்டும். ஆனால் எழுத்து மூலம் ஒப்பந்தம் போடாதது, பேசிய சம்பளத்தையே கொடுக்காதது, செட்டில் கழிப்பறையும் உடை மாற்றும் இடமும் இல்லாதது, பல பிரிவுகளில் பெண்களைச் சேர்க்கவே தயங்குவது எல்லாமே அதே பட்டியலில் இருக்கின்றன. அவுட்டோர் படப்பிடிப்பில் புதர் மறைவில் உடை மாற்றுகிறார்கள், கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள், தனியாகப் போகப் பயந்து அப்பா அம்மாவைக் கூடவே அழைத்துப் போகிறார்கள் என்று அறிக்கை சொல்கிறது. நம் விவாத நிகழ்ச்சிகளில் இந்தப் பகுதியை யாரும் தொடவில்லை. யார் அந்த நடிகர் என்பதிலேயே நேரம் போய்விட்டது.

இது கேரளத்துக் கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். நான் ஏ.டி.யாக (உதவி இயக்குநராக) இருந்தபோது செட்டில் என் வேலை கன்டினியூட்டி, அதாவது ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டில் மாறாமல் பார்ப்பது. ஹீரோயினுக்கு துப்பட்டா எந்தத் தோளில் இருந்தது, டம்ளரில் பால் எவ்வளவு இருந்தது, சுவர்க் கடிகாரம் என்ன மணி காட்டியது என்று எல்லாம் நோட்டில் இருக்கும். கூடவே எந்த நோட்டிலும் வராத வேலை ஒன்று உண்டு. லொகேஷனுக்குப் போய் இறங்கியதும், பக்கத்தில் எந்த வீட்டில் பாத்ரூம் இருக்கிறது, அந்த வீட்டு அக்கா முகம் கொடுத்துப் பேசுகிறாரா என்று பார்த்து வைப்பது. ‘அக்கா, கொஞ்சம் பாத்ரூம் போயிட்டு வந்துக்கலாமா’ என்று அறிமுகமில்லாத வாசலில் நின்று கேட்போம். நானும் ஹேர் டிரெஸ்ஸர் அக்காவும் ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் பெண்களும் கூட்டமாகப் போய் வருவோம். கேரவன் நடிகர்களுக்கு. அதன் படியில் நாங்கள் ஏறினால் ப்ரொடக்‌ஷன் ஆள் ஒரு பார்வை பார்ப்பார். கேரவன் கதவைத் திறந்துவிட்ட நடிகைகளும் உண்டு, அவர்களை மறக்க மாட்டேன். ஆனால் ஒரு நடிகையின் நல்ல மனதை நம்பி ஒரு யூனிட்டின் சிறுநீர்ப்பை இருக்கக் கூடாது இல்லையா?

சரி, சட்டம் என்ன சொல்கிறது? ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன பன்வாரி தேவி என்ற களப்பணியாளர் 1992இல் கூட்டாகப் பாலியல் வன்முறைக்கு ஆளானார். அதைத் தொடர்ந்து போடப்பட்ட வழக்கில்தான் 1997இல் உச்ச நீதிமன்றம் விசாகா வழிகாட்டு நெறிகளைத் தந்தது. அது 2013இல் சட்டமானது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் எந்த இடத்திலும் உள் புகார்க் குழு வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், வெளியாள் ஒருவர் கட்டாயம். குழு அமைக்காத நிறுவனத்துக்கு ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். தொண்ணூறு நாளில் விசாரணை முடிய வேண்டும்.

உங்களைப் போன்றவர்களுக்குத் தெரியாமலே இருந்துவிடும் விஷயங்கள் மூன்று. இன்டர்ன்ஷிப் செய்பவரும் சம்பளமே வாங்காத பயிற்சியாளரும்கூட இந்தச் சட்டத்தில் ஊழியர்தான். ‘நீ இன்னும் ஸ்டாஃப் இல்லையே’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்புறம், பணியிடம் என்றால் ஆபீஸ் நாலு சுவர் மட்டும் என்று இல்லை. வேலை நிமித்தமாகப் போகும் எந்த இடமும், நிறுவனம் ஏற்பாடு செய்த வண்டியும் அதில் அடங்கும். அவுட்டோர் ஹோட்டல், லொகேஷன் வேன், கதை டிஸ்கஷனுக்கு எடுத்த அபார்ட்மென்ட் எல்லாவற்றையும் இதில் சேர்த்துப் பாருங்கள். கடைசியாக, புகார் முதலாளி மேலேயே என்றாலோ, அந்த இடத்தில் பத்துப் பேர்கூட இல்லாததால் குழு அமையவில்லை என்றாலோ, மாவட்டந்தோறும் இருக்க வேண்டிய உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போகலாம். கலெக்டர் அலுவலகத்தில் கேளுங்கள். சின்னத் தயாரிப்பு நிறுவனங்களில் தயாரிப்பாளரும் இயக்குநரும் ஒரே ஆளாக இருப்பது சகஜம், அதனால் இதை அவசியம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

‘சினிமா யூனிட் ஒரு அலுவலகமா?’ என்ற சந்தேகத்தை 2022 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் தீர்த்துவைத்தது. ஒவ்வொரு படத் தயாரிப்பு யூனிட்டும் ஒரு நிறுவனம்தான், அங்கே புகார்க் குழு வேண்டும் என்றது. அந்த வழக்கைப் போட்டதும் அதே விமன் இன் சினிமா கலெக்டிவ்தான். தமிழ்நாட்டில் நடிகர் சங்கம் 2019லேயே விசாகா குழு வைத்திருந்தது. 2024 செப்டம்பரில் நடிகை ரோகிணி தலைமையில் அதைப் புதுப்பித்து, குற்றம் உறுதியானால் ஐந்து வருடம் தடைக்குப் பரிந்துரைப்போம் என்று தீர்மானம் போட்டார்கள். நல்ல விஷயம். ஆனால் கூடவே, மீடியாவிடம் போகாமல் முதலில் குழுவிடம் வாருங்கள் என்றும் அறிவுறுத்தினார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கே பேசுவது என்பதைப் பாதிக்கப்பட்டவள்தான் முடிவு செய்ய வேண்டும். தன் மேல் பாலியல் தொந்தரவுப் புகார் சொன்னதற்காகப் பத்திரிகையாளர் பிரியா ரமணி மீது ஒரு முன்னாள் மத்திய அமைச்சர் போட்ட அவதூறு வழக்கில், 2021 பிப்ரவரி 17 அன்று டெல்லி நீதிமன்றம் பிரியா ரமணியை விடுவித்தது. எத்தனை வருடம் கழித்தும், தான் விரும்பும் எந்த மேடையிலும் பெண் தன் குறையைச் சொல்லலாம் என்று அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

பேசியதற்குப் பிறகு வேலை என்ன ஆகும் என்பதுதான் அடுத்த பயம். உங்கள் டப்பிங் தோழிக்குப் பாடகி சின்மயி விஷயம் தெரிந்திருக்கும். 2018 அக்டோபரில் பாலியல் தொந்தரவு பற்றி அவர் வெளிப்படையாகப் பேசினார். த்ரிஷாவுக்கு அவர் குரல் கொடுத்த ‘96’ திரையில் ஓடிக்கொண்டிருந்த மாதம் அது. நவம்பரில் டப்பிங் யூனியனிலிருந்து நீக்கப்பட்டார், சந்தா பாக்கி என்று காரணம் சொன்னார்கள். தமிழில் டப்பிங் பேச யூனியன் கார்டு வேண்டும். கார்டு போனால் மைக் முன்னால் நிற்கும் வழி அடைபட்டுப் போகும். 2023 அக்டோபரில் வந்த ‘லியோ’வில்தான் தமிழில் மறுபடி த்ரிஷாவுக்கு அவர் குரல் கேட்டது. ஐந்து வருடம்! ஏற்கெனவே பாட்டில் பெயர் வாங்கியவருக்கே இந்தக் கதி என்றால், புதிதாக வருகிறவள் வாய் திறப்பாளா? அதனால் உங்கள் தோழி கார்டு வாங்கும்போதே சந்தா ரசீதுகளைப் பத்திரமாக வைக்கட்டும். யூனியன் விதிப் புத்தகத்தையும் கேட்டு வாங்கிப் படிக்கட்டும். டப்பிங் வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ‘பம்பாய்’ மனிஷா கொய்ராலாவின் குரல் ரோகிணியுடையது. சிம்ரனுக்குப் பேசிய சவிதா, நயன்தாராவுக்குப் பேசிய தீபா வெங்கட் என்று, முகம் தெரியாத பெண்களின் உழைப்பில்தான் நாம் பல கதாநாயகிகளை ரசித்திருக்கிறோம்.

கார்டு விஷயத்தில் இன்னொரு வழக்கும் சொல்ல வேண்டும். இந்தியில் பல பத்தாண்டுகளாகப் பெண்களுக்கு மேக்கப் கலைஞர் கார்டே தரவில்லை. பெண் என்றால் தலை அலங்காரம் மட்டும், மேக்கப் ஆணுக்கு. சாரு குரானா என்ற மேக்கப் கலைஞர் உச்ச நீதிமன்றம் வரை போய், 2014 நவம்பரில் அந்த விதியை உடைத்தார். யோசித்துப் பாருங்கள், பெண்ணின் முகத்துக்குப் பெண் மேக்கப் போடுவதற்கு 2014இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தேவைப்பட்டிருக்கிறது. இத்தனைக்கும் நம் ஊரில் டி.பி. ராஜலட்சுமி 1936இலேயே ‘மிஸ் கமலா’வை இயக்கிவிட்டார், பி.ஆர். விஜயலட்சுமி 1985இல் ‘சின்ன வீடு’க்குக் கேமரா பிடித்துவிட்டார். ஒருவர் நுழைந்துவிட்டார் என்பதற்காக அவருக்குப் பின்னால் கதவு திறந்தே இருந்துவிடவில்லை. எடிட்டிங் போகும் தோழிக்குச் சொல்லுங்கள்: எடிட்டிங் அறை ஏசி, உள்ளேயே உட்காரும் வேலை, பத்திரம் என்று வீட்டில் நினைப்பார்கள். ரிலீஸ் நேரத்தில் விடியற்காலை மூன்று மணிக்கு ஸ்டுடியோவில் அவளும் இன்னொருவரும் மட்டும் இருக்கும் நாட்கள் வரும். வண்டி ஏற்பாட்டை அவள் முதல் நாளே பேச வேண்டும்.

நியூஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான்கில் ஆபீஸ் என்று சொல்லக்கூடிய அமைப்பு இருப்பது அங்கேதான். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், பி.எஃப்., ஹெச்.ஆர். எல்லாம் பெரும்பாலும் இருக்கும். சிக்கல் வெளியே. 2018 ஏப்ரலில் அன்றைய தமிழக ஆளுநர் செய்தியாளர் சந்திப்பு முடிவில் ஒரு பெண் செய்தியாளரின் கன்னத்தில் தட்டினார். அந்தச் செய்தியாளர் எதிர்ப்பைத் தெரிவித்த பிறகு ஆளுநர் மன்னிப்புக் கடிதம் எழுதினார். அதையொட்டிப் பெண் செய்தியாளர்களையே கேவலப்படுத்தும் பதிவு ஒன்றைப் பகிர்ந்த நடிகர்-அரசியல்வாதிக்கு 2024இல் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறைத் தண்டனை விதித்தது. பத்திரிகையாளர்கள் விடாமல் நின்றதால் அது வழக்காகவே நடந்தது. சேரும்போது உங்கள் தோழி கேட்க வேண்டியது: எனக்கு என்ன பீட், அதாவது எந்தத் துறைச் செய்தி? ‘மகளிர், சினிமா, ஆன்மிகம்’ என்று மட்டும் கொடுத்தால், ஆறு மாதத்தில் கோர்ட்டோ கிரைமோ தலைமைச் செயலகமோ கேட்டு வாங்கட்டும். அரசியல் செய்தி கொடுத்தவர்கள்தான் பிறகு எடிட்டர் நாற்காலிக்குப் போகிறார்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. திட்டுங்கள், தாராளமாகத் திட்டுங்கள். 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது, சினிமா துரத்தலைக் காதலாக்கியதைப் பற்றி நம் பெண்கள் வீட்டிலும் ஆபீஸிலும் பேசினார்கள். அந்தப் பேச்சு தேவைதான். ஒரு படம் ஒரு கொலைக்கு நேரடிக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ‘வேண்டாம்’ என்று பெண் சொன்னால் அது பாதிச் சம்மதம் என்று மூன்று தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்ததில் நம் திரைக்கு நிச்சயமாகப் பங்கு உண்டு.

அந்தக் காட்சிகள் எப்படி உருவாகின்றன என்று உள்ளே இருந்து பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். சாலிகிராமத்திலோ விருகம்பாக்கத்திலோ ஒரு வாடகை ஃபிளாட். எட்டுப் பேர், எல்லோரும் ஆண்கள், மூலையில் நோட்டுடன் நான். ஹீரோ பஸ் ஸ்டாப்பிலிருந்து காலேஜ் வரை அவள் பின்னால் வருகிறான். மூன்று தடவை முறைக்கிறாள், நாலாவது தடவை சிரிக்கிறாள், பாட்டு. யாருக்கும் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பசி நேரத்தில் கைக்கு எட்டிய காட்சி அது, அவ்வளவுதான். ‘இது தப்பு சார்’ என்று நான் சொல்லியிருந்தால், ‘லேடீஸ் சென்டிமென்ட்’ என்று சிரித்துவிட்டு அடுத்த சீனுக்குப் போயிருப்பார்கள். நான் கேட்டது: ‘சார், இவளுக்கு அவனை எந்த சீன்ல பிடிக்க ஆரம்பிக்குது?’ அறை கொஞ்ச நேரம் அமைதியானது. அப்படி ஒரு சீன் இல்லை. இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. அன்று மாலை முழுக்க உட்கார்ந்து ஒன்று எழுதினார்கள்: அவள் வேலை செய்யும் மெடிக்கல் ஷாப்பில், மருந்துச்சீட்டைத் தப்பாகப் படித்துவிட்டு அவன் அவளிடம் உதவி கேட்கிறான். துரத்தல் பாதியாகக் குறைந்தது. முழுக்கப் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதனால் நீங்கள் நால்வரும் இப்போது பேசிக்கொள்வது வீண் பேச்சு இல்லை. ஆனால் ‘படம் மோசம்’ என்பதோடு நிறுத்தாமல், எந்த சீன், எந்த வசனம், அதற்குப் பதில் என்ன என்று எழுதிப் பாருங்கள். திரைக்கதை மொழியில் கேள்வி கேட்கத் தெரிந்த பெண்ணை டிஸ்கஷன் அறையிலிருந்து வெளியே அனுப்புவது கஷ்டம். இரண்டு பெண்கள் சந்தித்து ஓர் ஆணைப் பற்றி இல்லாமல் வேறு எதையாவது பேசுகிறார்களா என்று பார்க்கும் பெக்டெல் சோதனை இருக்கிறதே, 1985இல் ஒரு அமெரிக்கக் காமிக்ஸ் தொடரில் வந்தது, அதைப் போட்டு நமக்குப் பிடித்த படங்களைச் சலித்துப் பாருங்கள். சோதனையில் தேறினால் நல்ல படம் என்று அர்த்தம் இல்லை. ஆனால் எத்தனை படங்களில் பெண்ணுக்குத் தோழியே இல்லை என்பது உறைக்கும்.

இன்னொரு விஷயத்தை இந்த வயதில் யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். என்னோடு ஏ.டி.யாக ஆரம்பித்த பெண்களில் பலர் நின்றது தொந்தரவால் இல்லை, குழந்தை பிறந்ததால். 2017 திருத்தத்துக்குப் பிறகு பேறுகாலச் சம்பள விடுப்பு 26 வாரம். ஆனால் அது கிடைக்க, முந்தைய பன்னிரண்டு மாதத்தில் ஒரே நிறுவனத்தில் 80 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். சினிமாவில் ஒவ்வொரு படமும் ஒரு கம்பெனி, படம் முடிந்தால் கம்பெனியும் கலைந்துவிடும். யாரிடம் போய் விடுப்பு கேட்பீர்கள்? சேனல் வேலைக்கும் சினிமா வேலைக்கும் நடுவில் எனக்குத் தெரிந்த மிகப் பெரிய வித்தியாசம் இதுதான். நான் சேனலுக்குப் போனதற்கும் இதுதான் காரணம். அதை எண்ணி வருத்தமில்லை, ஆனால் நான் சேனலில் இருந்த நான்கு வருடத்தில் என் ஜூனியர் பையன்கள் இருவர் படம் பண்ணிவிட்டார்கள்.

போகலாமா என்றால், போங்கள். ஆறு மாதம் சம்பளம் வராது என்று கணக்குப் போட்டு, கையில் அதற்கான பணத்தோடு போங்கள். ஏ.டி. வேலையில் பேட்டா (தினப்படி) வரும், சம்பளம் இழுக்கும். டிஸ்கஷன் எங்கே, யார் யார் வருகிறார்கள் என்று ஒவ்வொரு நாளும் தோழிகள் மூவரில் ஒருவருக்காவது லொகேஷன் அனுப்புங்கள். இரவு பத்து மணிக்கு ‘கதை பேசலாம் வா’ என்றால் ‘நாளைக்குக் காலையில் ஆபீஸில் சார்’ என்று பதில் அனுப்புங்கள், விளக்கம் வேண்டாம். அறிக்கையின் பதினேழு பிரச்சினைப் பட்டியலை அப்பாவோடு உட்கார்ந்து படியுங்கள். எதற்குப் பயப்பட வேண்டும் என்பது அவருக்கும் தெளிவாகும்.

வேலைக்குக் கூப்பிட்டவரிடம் போனில் எல்லாம் பேசி முடித்த பிறகு, ஒரு வாட்ஸப் அனுப்புங்கள். இப்படி: ‘வணக்கம் சார். பேசியபடி இந்தத் தேதியிலிருந்து உதவி இயக்குநராக வருகிறேன். மாதச் சம்பளம் இவ்வளவு, பேட்டா இவ்வளவு. அவுட்டோரில் பெண்களுக்குத் தனி அறை, இரவு ஷூட்டுக்கு வண்டி உண்டு என்று சொன்னீர்கள். யூனிட்டின் புகார்க் குழுவில் யார் என்று தெரிந்தால் நம்பரைச் சேமித்துக்கொள்கிறேன். நன்றி.’ மரியாதையான ஐந்து வரி. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இல்லைதான், ஆனால் பிறகு சம்பளம் கேட்கவும் புகார் தரவும் உங்கள் கையில் இருக்கும் முதல் காகிதம் இதுதான். ‘ஓகேம்மா’ என்று பதில் வந்தால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அப்பாவுக்கும் அனுப்புங்கள். ‘இதெல்லாம் எதுக்கும்மா எழுதுற, நாங்க ஃபேமிலி மாதிரி’ என்று வந்தால், அந்த ஆபீஸை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.